நீ கூட்டி வைத்த நாலு விரல்

என் செல்ல அக்கா எஸ்தருக்கு,

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால் போனிலேயே கத்தித் தீர்த்திருப்பேன். நீயும் பதிலுக்குக் கத்திவிட்டு, "வைடி போனை, அடுப்புல குழம்பு கீது" என்று வைத்திருப்பாய். சாயங்காலம் நீயே மறுபடி கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாய். இப்போது கத்துவதற்கு ஆளில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது அக்கா. ஆமாம், அதே டிக்கெட்தான். பூந்தமல்லி தாண்டி ஹைவேயில் இருக்கிற பார்க்குக்கு, ஒவ்வொரு லீவிலும் வாங்கலாம் வாங்கலாம் என்று சொல்லி ஒரு லீவிலும் நீ வாங்காமல் விட்ட டிக்கெட். வாங்கி, போய், வந்தும் விட்டோம். மாமா, ஜெனி, நான், மூன்று பேரும். எப்படிப் போனோம் என்று முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் பேசாதே.

நம் இரண்டு பேருக்கும் அந்த பார்க் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம். கரையான்சாவடியில் ஏறி பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், மரங்களுக்கு மேலே ராட்டினத்தின் தலை தெரிந்ததும் என் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிடுவாய். நம்மை அங்கே கூட்டிப்போக யாரும் இல்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. உனக்கென்று ஒரு பெண் பிறந்த பிறகுதான், "இவளையாவது கூட்டிப் போவணும் ரூபி" என்று சொல்ல ஆரம்பித்தாய்.

சொன்னாயே தவிர, எப்போது டிக்கெட் வாங்குவது என்பதில் உன்னைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. லீவு விட்ட முதல் வாரம் கூடாது, ஊரே அங்கேதான் இருக்கும். கத்திரி வெயிலில் கூடாது, பிள்ளை சுருண்டுவிடும். கத்திரி முடிந்தால் யூனிஃபார்ம் தைக்கிற வேலை வந்துவிடும். சனிக்கிழமை கூட்டம், ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் உனக்கு ஃபேக்டரி. முன்கூட்டியே வாங்கினால் மாமாவுக்கு ஷிப்ட் மாறிவிடும். அன்றைக்கே போய் வாங்கினால் கியூவில் நின்றே பாதி நாள் போய்விடும். இதையெல்லாம் நீ சொல்லி முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாய். ஜெனியும் தலையை ஆட்டுவாள்.

அப்புறம் அந்தக் கோடு வந்தது.

உன் செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அந்த பார்க்குக்கு டூர் போனீர்களே, அதற்குப் பிறகு வந்த கோடு. ஆவடி ஃபேக்டரியில் பட்டாளத்துக்காரர்களின் உடுப்பைத் தைத்து முடித்த பிறகு, கை நீளம் கால் நீளம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற வேலை உனக்கு. காலையில் எழுந்ததும் தாலியைத் தேடமாட்டாய், டேப்பைத்தான் தேடுவாய் என்று மாமா கேலி செய்வார். டூர் போன இடத்துக்கும் கழுத்தில் டேப்போடுதான் போயிருக்கிறாய். அங்கே தண்டவாளத்தில் ஏறித் தலைகுப்புற இறங்குகிற பெரிய ரயிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஒரு கோடு. அந்த உயரம் இல்லாத பிள்ளைகளை ரயிலில் ஏற்றமாட்டார்கள். நீ விடுவாயா? பலகையை டேப் வைத்து அளந்திருக்கிறாய். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக சமையல்கட்டு வாசற்காலில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாய். அழிந்துவிடாமல் இருக்க மேலே பேனாவால் அழுத்தி இன்னொரு தரம் இழுத்தாய். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த ஜெனியை அதன் கீழே நிற்க வைத்து, "உன் தலை இந்தக் கோட்டைத் தொடணும். தொட்ட அன்னிக்கே டிக்கெட்" என்றாய். அதிலிருந்து எப்போது வாங்குவது என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு லீவு தொடக்கத்திலும் அவளை நிற்கவைத்து, தலைக்கு மேலே ஸ்கேலை வைத்து ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் அவள் முடித்த வகுப்பை எழுதுவாய். பெரிய கோட்டை அவள் அண்ணாந்து பார்ப்பாள்.

போன மழைக்காலத்தில் நீ தலைவலி என்று படுத்தாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ சொன்னார்கள், எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. உன் கழுத்திலிருந்த டேப்பை நர்ஸம்மா சுருட்டி என் கையில் கொடுத்தது மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து உன் மகள் "அம்மா" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் தலை வாரிவிடும்போது, "சித்தி, உங்க அக்கா ரப்பர் பேண்ட் எங்க வப்பாங்க?" என்று கேட்டாள். உங்க அக்கா! எனக்குச் சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உங்க அக்கா பொட்டி, உங்க அக்கா தட்டு, உங்க அக்கா நைட்டி. மாமாவிடம் பேசும்போது "அவங்க". அழவும் இல்லை. சாப்பிட்டாள், படித்தாள், ஆறாம் வகுப்பைப் பாஸ் பண்ணினாள். டீச்சர்கள் எல்லாம் தைரியமான பெண் என்று மெச்சினார்கள். நானும் ஒரு டீச்சர்தான், எனக்கு அது தைரியமாகத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். வந்தால், ஜெனி தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு அந்த வாசற்காலில் போய் நிற்கிறாள். தலையில் உள்ளங்கையை வைத்து, அப்படியே திரும்பிப் பார்க்கிறாள். பெரிய கோட்டுக்கு இன்னும் ஒரு விரல் பாக்கி. பால் குடிக்கிறாள். பின்பக்கம் துணி காயப்போடுகிற கம்பியில் தொங்குகிறாள். "ஜூன்ல தொட்டுடுவேன் சித்தி" என்றாள்.

ஜூனில் அந்த வீடு நம்முடையது இல்லை அக்கா. உன் வேலைக்குக் கொடுத்த வீடுதானே? நீ போன பிறகு கொஞ்ச காலம் இருந்துகொள்ளச் சொன்னார்கள், அந்தக் காலம் இந்த லீவோடு முடிகிறது. வானகரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில் மாமா ஒரு போர்ஷன் பார்த்துவிட்டார். நாம் காலி செய்ததும் அடுத்தவர்களுக்காக வெள்ளையடித்து, கதவுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பார்களாம். இதை ஜெனியிடம் சொன்னபோது அவள் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்போ கோடு?" என்று கேட்டாள்.

மாமா அவசர அவசரமாக, "அதுக்கின்னா? டேப் வச்சி அளந்து, அதே மாதிரி புது ஊட்ல போட்டுட்டா போவுது" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அது நீங்க போட்டதா ஆயிடும்ப்பா. அவங்க போட்டதா ஆவாது" என்று சொல்லிவிட்டுக் கம்பியில் தொங்கப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோட்டைத் தொட்டாளோ இல்லையோ, வீட்டைக் காலி செய்வதற்குள் டிக்கெட்டை வாங்கிவிட வேண்டும். மாமாவிடம் சொன்னேன். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "இன்னா ரூபி இப்ப அவசரம்? புள்ளையே கேக்கல. கோட்டத் தொட்டாதான் வருவேன்னு சொல்லிகினு கீது. இந்த நேரத்துல பார்க்குக்குப் போனா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றார்.

நாலு பேரில் முதல் ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். உன் தோழி சரோஜா அக்காதான். திருநெல்வேலியிலிருந்து வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. "ஏம்மா ரூபி, சாவு விழுந்த வீட்டுப் புள்ளைய ராட்டினத்துல ஏத்துவாவளா? ஒரு வருசம் கழியட்டும். பெறவு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ" என்றார்.

"அதுக்குள்ள லீவு முடிஞ்சிடும்க்கா."

"லீவு அடுத்த வருசமும் வரும்லா?"

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அப்படியே நீ பேசுகிற பேச்சு.

மறுநாள் மத்தியானம் ஜெனி சரோஜா அக்கா வீட்டில் கேரம் விளையாடப் போயிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்க்கின் டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன். இப்போதெல்லாம் கியூ கிடையாது அக்கா, எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு காலண்டர் வருகிறது, எந்த நாள் என்று தொட வேண்டும். வாரம் தள்ளி எடுத்தால் விலை குறைவு, நாளைக்கே என்றால் முழு விலை. நீ பார்த்திருந்தால் அந்தக் காலண்டரோடு ஒரு வருஷம் சண்டை போட்டிருப்பாய். எந்த நாளைத் தொடுவது என்று தெரியாமல் விரலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் விதிமுறைகள் என்று பொடி எழுத்தில் இருந்தது. பெரிய ரயிலில் ஏற நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும்.

சும்மாதான் நீ தையல் சாமான் போட்டு வைக்கிற பிஸ்கெட் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்தேன். ஜெனிக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது, கொஞ்சம் உயரமான செருப்புப் போட்டால் விடுவார்களா என்று பார்ப்பதற்காக. டேப்பின் நுனியைத் தரையில் கால் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு மேலே இழுத்தேன். நூற்று நாற்பது எங்கேயோ கீழே நின்றுவிட்டது. தப்பான பக்கத்தைப் பார்க்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் அளந்தேன். உன் பெரிய கோடு அதற்கு மேலே இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், நாலு விரல்.

அதோடு போயிருந்தால் சிரித்திருப்பேன். நூற்று நாற்பதில் நகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன். போன லீவில் நீ போட்ட சின்னக் கோடு, பக்கத்தில் உன் கையெழுத்தில் ஐந்து. அது என் நகத்துக்கு மேலே இருந்தது. ஒரு நூல்தான், ஆனால் மேலே.

புரிகிறதா அக்கா? போன லீவிலேயே ஜெனியை அந்த ரயிலில் ஏற்றியிருப்பார்கள். போன லீவில் நீ இருந்தாய். தலைவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்லு மாதிரி இருந்தாய். நாம் நாலு பேரும் போயிருக்கலாம். கியூவில் நின்று சலித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலுக்கு இவ்வளவு விலையா என்று வாயில் அடித்துக்கொண்டு, நனைந்த துணியோடு பஸ்ஸில் திரும்பி வந்திருக்கலாம். ஜெனியிடம் அந்த ஒரு நாள் இருந்திருக்கும்.

உன்மேல் வந்த கோபம் எனக்கே பயமாக இருந்தது.

ஏன் அக்கா? பட்டாளத்துக்காரர்கள் உடுப்பில் ஒரு நூல் கூடினாலும் பிரித்துத் தைக்கச் சொல்கிறவள் நீ. தப்பாக அளந்திருப்பாய் என்று நான் நம்பமாட்டேன். தெரிந்தேதான் ஏற்றிப் போட்டாயா?

வேலையிலிருந்து வந்த மாமாவிடம் காட்டினேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "பயந்துட்டா ரூபி. அந்த டூர் போயிட்டு வந்தப்போ சோறே துன்னல. அந்த ரயிலு மேல போறப்ப ஒரு பொண்ணு கத்துச்சு பாரு, அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குதுன்னு சொல்லிகினே இருந்தா. புள்ள இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும்னு ஏத்தி வச்சிருப்பா" என்றார்.

இருக்கலாம். பார்க்குக்காரர்களே நடுவில் விதியை மாற்றியிருக்கலாம், அதையும் யோசித்தேன். உன்னைக் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாய். கேட்கத்தான் வழியில்லை.

"ஜெனி கிட்ட சொல்லாத" என்றார் மாமா. "அவங்கம்மா ஏமாத்திட்டான்னு நெனச்சிகினா? ஏற்கெனவே அந்தப் பேர எடுக்க மாட்டேங்குது." எனக்கும் அதே பயம்தான். ஆனால் சொல்லாமல் எப்படிக் கூட்டிப்போவது? அங்கே போனால் பலகை நிற்கிறது. உன் மகள் கண் உன் கண்தான், பார்த்ததும் பிடித்துவிடுவாள். சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் போகாமலே இருக்க வேண்டும். போகாமல் இருந்தால் கோட்டின்மேல் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அவள் தொடாத கோடாக அது ஆகிவிடும்.

காலையில் அவள் பல் தேய்த்துவிட்டு வாசற்காலுக்கு வந்தபோது உன் டேப்பை அவள் கையில் கொடுத்தேன். பார்க்கில் கேட்கிற உயரம் இவ்வளவு, நீயே அளந்து பார் என்றேன். மாமா பாத்ரூம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஷிப்டுக்குப் போகிற மாதிரி நடிப்பு.

அவள் அளந்தாள். நான் செய்த மாதிரியே டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். போன வருஷத்துக் கோட்டையும் பார்த்தாள், அதைப் பார்க்கமாட்டாள் என்று நான் எப்படி நினைத்தேனோ. பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் பீரோவைத் திறந்து, பழைய யூனிஃபார்ம் பாவாடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பாவாடையின் ஓரத்தைப் புரட்டினாள். உள்ளே நீ மடித்துத் தைத்திருந்த மடிப்பு அப்படியே இருந்தது. வளர்கிற பிள்ளை என்று வருஷா வருஷம் நீ உள்ளே விட்டுத் தைப்பாயே, அதுதான். வெளியே வெளுத்துப்போன நீலம், மடிப்புக்குள்ளே இன்னும் கடையில் வாங்கிய நீலம். மடிப்பின்மேல் விரலை வைத்தாள். பிறகு வாசற்காலுக்கு வந்து, டேப்பில் நூற்று நாற்பது நின்ற இடத்துக்கும் பெரிய கோட்டுக்கும் நடுவில் அதே விரல்களை வைத்தாள்.

"நாலு விரல் சித்தி" என்றாள். "உங்க அக்கா எல்லாத்தையும் மடிச்சிதான் தைப்பாங்க. இதையும் மடிச்சி வச்சிருக்காங்க."

பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பிரிச்சிடலாம் சித்தி" என்றாள். "டிக்கெட் எடுங்க."

"எந்தத் தேதிக்கு? அடுத்த வாரம்னா கொஞ்சம் விலை…"

"நாளைக்கே எடுங்க."

முழு விலை கொடுத்து வாங்கினேன். நீ இருந்தால் என்னைத் தின்றிருப்பாய். சரோஜா அக்காவிடம் போய்ச் சொன்னேன், திருட்டுத்தனமாகப் போக எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சட்டென்று உள்ளே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். விடிந்ததும் புளிசோறு கட்டிக்கொண்டு வந்து, "வெளிய வாங்கித் திங்காதிய, வயித்துக்கு ஆவாது" என்று மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பூந்தமல்லியில் பஸ் மாறினோம். கரையான்சாவடிப் பக்கம் இப்போது மெட்ரோ தூண்கள் வந்து, நமக்குத் தெரிந்த கடைகள் எல்லாம் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ராட்டினத்தின் தலை தெரிந்ததும் என் கை தானாக ஜெனியின் தாடைக்குப் போனது. அவள் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராகப் பெரிய ரயில். பலகை அங்கேயேதான் இருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற பையன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போ போ" என்று கையை ஆட்டினான். அளக்கவே இல்லை அக்கா. இத்தனை லீவு காத்திருந்ததற்கு ஒரு "போ போ". எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

ஜெனி நகரவில்லை. "அண்ணா, அளங்கண்ணா" என்றாள்.

"தேவையில்ல பாப்பா. பார்த்தாலே தெரியுது."

"இல்லண்ணா. அளந்துட்டு உடுங்க."

பின்னால் கியூவில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளைப் பலகையில் நிறுத்தித் தலைக்கு மேலே கையை வைத்தான். "நல்லா தாண்டிகினு கீறம்மா. போன வருஷமே வந்திருக்கலாமே" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெனி அவனிடம் தேங்க்ஸ் சொன்னாள்.

மாமா ஏறவில்லை. பையையும் புளிசோற்றையும் கட்டிக்கொண்டு கீழே நின்றுவிட்டார். எனக்கு மொட்டைமாடியில் நின்றாலே தலை சுற்றும் என்பது உனக்குத் தெரியும். உன் மகளுக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன். மடியில் இரும்புக் கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். கடகடவென்று ரயில் மேலே ஏறியது. ஹைவே தெரிந்தது, ஏரி தெரிந்தது, பூந்தமல்லிப் பக்கம் கட்டடங்கள் தெரிந்தன. உச்சியில் ஒரு விநாடி நின்றது. ஜெனி என் கையைப் பிடிக்கவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கீழே விழுந்தோம்.

அந்த நேரத்தில் எல்லாரும் என்ன சொல்லிக் கத்துவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை அக்கா. முன்னால் இருந்த காலேஜ் பையன்கள், பின்னால் இருந்த தொந்திக்காரர், நான், எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் கத்தினோம். அம்மா! யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில், என் காதுக்குப் பக்கத்தில், மெல்லிசாக ஒரு குரல் கிழித்துக்கொண்டு கிளம்பியது. மாதக்கணக்காக அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை.

"அம்மா! அம்மா! அம்மா!"

ரயில் வளைந்தது, தலைகீழானது, நிமிர்ந்தது, நின்றது. மற்றவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஜெனி நிறுத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று கத்திக்கொண்டே இருந்தாள். அந்தப் பையன் பயந்துபோய் ஓடிவந்து, "இன்னாக்கா, பயந்துச்சா?" என்றான். அடுத்த ஆட்களை ஏற்றாமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தான், நல்ல பிள்ளை. கீழே மாமா பையைப் போட்டுவிட்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவு உயரமான பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் அழுதார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்புறம் புளிசோறு சாப்பிட்டோம். அப்புறம் உன் மகள் மறுபடியும் ஏற வேண்டும் என்றாள். ஏறினோம். மறுபடியும் கத்தினாள். இந்தத் தடவை பாதி சிரிப்பு.

வீட்டைக் காலி செய்துவிட்டோம். உன் தையல் மிஷினை மாமாவே தூக்கிக்கொண்டு வந்தார், யாரையும் தொடவிடவில்லை. வாசற்கால் அங்கேயே இருக்கிறது, அரசாங்கத்துச் சொத்து. கடைசி நாள் ஜெனி அதன் கீழே நிற்கவில்லை. டேப்பை மட்டும் எடுத்து அவளே கழுத்தில் போட்டுக்கொண்டாள். இந்நேரம் பெயிண்ட் அடித்திருப்பார்கள்.

நீ பயந்தாயா, தைக்கிற பழக்கத்தில் நாலு விரல் விட்டாயா என்று எனக்கு இன்னும் தெரியாது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வளர்கிற பிள்ளைக்கு இடம் விட்டுத் தைத்தாய். அந்த இடத்துக்குள்தான் நீ இல்லாமல் போய்விட்டாய். இதை யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது?

நேற்று ஏழாம் வகுப்பு யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கப் போனோம். எனக்குத்தான் பட்டன் தைக்கக்கூட வராதே. வானகரத்தில் ஒரு டெய்லர் கடை. அளவெடுத்துவிட்டு அவர், "கீழ எவ்ளோ மடிச்சி உடணும்மா?" என்று என்னைக் கேட்டார். ஜெனி முந்திக்கொண்டாள்.

"நாலு விரல் உடுங்க" என்றாள். "எங்க அம்மா அப்படித்தான் உடுவாங்க."

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அவள் துணியில் எல்லாம் நாலு விரல் விடச் சொல்வேன், வருஷா வருஷம் பிரித்தும் விடுவேன். ஆனால் போக வேண்டிய இடத்துக்கு டிக்கெட் வாங்குவதில் இனி ஒரு விரல்கூட விடமாட்டேன். அவள் கேட்ட அன்றைக்கே வாங்குவேன். முழு விலை கொடுத்துத்தான் வாங்குவேன், நீ அங்கிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

உன் மகளுக்குச் சித்தியும்,
உனக்கு என்றைக்கும் சண்டைக்காரத் தங்கச்சியுமான
ரூபி